யூஸ்நெட் சேவை: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

இண்டெர்நெட் என்றதும் வெப்சைட்டும் ஈமெயிலும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வெப்சைட்டுகளுக்கு முன்பே பிறந்த ஒரு வசதி இன்றும் இயங்கி வருகிறது. அதுதான் யூஸ்நெட். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் இதைத் திட்டமிட்டனர். மறு ஆண்டே அது செயல்படத் தொடங்கியது. லினஸ் டோர்வால்ட்ஸ் தனது லினக்ஸ் முயற்சியை 1991 ஆகஸ்டில் அறிவித்ததும் காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் என்ற யூஸ்நெட் குழுவில்தான். சாக்.கல்ச்சர்.தமிழ் என்று நமக்கும் ஒரு குழு உண்டு.

முன்பு வெளிநாடுகளில் பல இண்டெர்நெட் நிறுவனங்கள் இதை இணைப்போடு இலவசமாகவே கொடுத்தன. 2008ல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் சில கைவிட்டன. கூகுள் குரூப்ஸ் வழியாக யூஸ்நெட்டில் எழுதும் வசதியும் 2024 பிப்ரவரி 22 அன்று நின்றுவிட்டது. எனவே இன்று யூஸ்நெட் வேண்டுமென்றால் தனியாக ஒரு சேவை நிறுவனத்தை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரங்களைப் பார்த்தால் எண்கள் மிரட்டும். அவற்றில் நமக்குத் தேவையானவை எவை என்று பார்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது?

யூஸ்நெட்டிற்குத் தலைமை அலுவலகம் கிடையாது. ஊருக்கு ஊர் அறிவிப்புப் பலகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் ஒட்டிய தாளை மற்ற ஊர்க்காரர்களும் நகல் எடுத்துத் தங்கள் பலகையில் ஒட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பலகைதான் நியூஸ் சர்வர். எந்தத் தாளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது ஒவ்வொரு சர்வரின் சொந்த முடிவு. நாம் தேர்வு செய்வது இந்தப் பலகைகளில் ஒன்றைத்தான்.

முதல் கேள்வி: எழுத்தா, ஃபைலா?

இதற்குப் பதில் சொல்லாமல் எந்தத் திட்டத்தையும் பார்க்காதீர்கள். விவாதங்களைப் படிக்கவும் எழுதவும் மட்டும் போதும் என்றால் பணமே தேவையில்லை. எடர்னல் செப்டம்பர் என்ற சர்வர், பெயரைப் பதிவு செய்தால் எழுத்துக் குழுக்களை இலவசமாகவே தருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடிதம் 3 கிலோபைட் என்று வைத்தால், 1 ஜிபி அளவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் அடங்கும். படிப்பவருக்கு 'அன்லிமிடெட்' எதற்கு?

பெரிய ஃபைல்களை எடுப்பவர்களுக்கு மட்டுமே கீழ்க்காணும் எண்கள் முக்கியம்.

ரிடென்ஷன்: ஒரு பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற கணக்கு. எழுத்துக்கும் ஃபைலுக்கும் இது தனித்தனி. விளம்பரத்தில் உள்ள எண் எதற்கு உரியது என்று கேளுங்கள்.

கம்ப்ளீஷன்: பெரிய ஃபைல் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டித்தான் அனுப்பப்படுகிறது. தேவையான துண்டுகள் கிடைக்காவிட்டால் ஃபைல் திறக்காது. 'பத்தாண்டு சேமிப்பு' என்று சொல்லும் சர்வரிலும் துண்டுகள் விடுபட்டிருக்கலாம். பழைய பதிவுகள் சிலவற்றை நீங்களே எடுத்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

வேகமும் கனெக்‌ஷனும்: '50 கனெக்‌ஷன்' என்பது கேட்க நன்றாக இருக்கும். உங்கள் பிராட்பேண்ட் 50 மெகாபிட் என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 6.25 மெகாபைட்தான் வரும். சில கனெக்‌ஷன்களிலேயே அந்த அளவை எட்டிவிட்டால் மீதி எல்லாம் வீண். நம் ஊரிலிருந்து தூரத்தில் உள்ள சர்வர் என்றால் கூடுதல் கனெக்‌ஷன் ஓரளவு உதவும். மாலை நேரத்தில் ஒரு முறை, விடிகாலையில் ஒரு முறை சோதியுங்கள்.

பாதுகாப்பு: சாதாரண இணைப்பு 119ஆம் போர்ட்டில் செல்லும். அதில் உங்கள் பாஸ்வேர்டு வெளிப்படையாகவே பயணிக்கும். மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு 563ஆம் போர்ட்டில் கிடைக்கும். இந்த வசதி இல்லாத சேவையைத் தொடவே வேண்டாம்.

பெயர் இரண்டு, கிடங்கு ஒன்று

பலரும் கவனிக்காத விஷயம் இது. பல நிறுவனங்களுக்குச் சொந்த சர்வர் கிடையாது. ஒரே பெரிய கிடங்கிலிருந்து வாங்கி வேறு வேறு பெயரில் விற்கிறார்கள். ஒன்றில் கிடைக்காத ஃபைலுக்காக இன்னொன்றிலும் பணம் கட்டுவோம். அங்கும் அது இருக்காது.

இதைச் சோதிக்க தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருள் போதும். அதன் அக்கவுண்ட் செட்டிங்ஸ் பகுதியில் நியூஸ்குரூப் அக்கவுண்ட் ஒன்றைச் சேர்த்து, ஒரு கடிதத்தைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் யூ கீயை அழுத்துங்கள். கடிதத்தின் முழு மூலமும் தெரியும். அதில் 'பாத்' என்று தொடங்கும் வரியில், கடிதம் கடந்து வந்த சர்வர்களின் பெயர்கள் ஆச்சரியக்குறிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். இடது ஓரத்தில் இருப்பது உங்களுக்கு மிக அருகில் உள்ள சர்வர். ஒரே கடிதத்தை இரண்டு சேவைகளிலும் திறந்து இடது ஓரத்தை ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் கிடங்கும் ஒன்றுதான் என்று சந்தேகிக்கலாம். நானும் எந்தச் சேவையைச் சோதித்தாலும் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

கட்டணம்

மாதக் கட்டணம், பிளாக் என இரண்டு வகைகள் உண்டு. பிளாக் என்பது நம் பிரீபெய்டு மொபைல் போல. 100 ஜிபி வாங்கினால் அது தீரும் வரை பயன்படுத்தலாம். எப்போதாவது பயன்படுத்துபவர்களுக்கு இதுவே லாபம். ஆனால் காலாவதித் தேதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'இலவச சோதனை' என்ற பட்டனை அழுத்தும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். கார்டு எண் கேட்டால், சோதனைக் காலம் முடிந்ததும் பணம் தானாகவே கழிக்கப்படலாம். ரத்து செய்யும் பக்கம் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். கட்டணம் டாலரிலோ யூரோவிலோ இருந்தால் வங்கியின் கட்டணமும் சேரலாம். ஆண்டுத் திட்டத்தின் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், முதலில் ஒரே ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

யூஸ்நெட்டில் உள்ள சினிமா, மென்பொருள் போன்றவற்றில் பெரும்பகுதி காப்புரிமையை மீறியவை. சேவைக்குப் பணம் கட்டுவதால் அவற்றை எடுப்பது சட்டபூர்வமாகிவிடாது. வைரஸ் ஆபத்தும் உண்டு. இரண்டாவது, நீங்கள் அனுப்பும் கடிதம் உலகெங்கும் நகலெடுக்கப்படும். பிறகு நினைத்தாலும் எல்லா இடத்திலும் அழிக்க முடியாது. வீட்டு முகவரி, போன் நம்பர், அன்றாடம் பயன்படுத்தும் ஈமெயில் முகவரி ஆகியவற்றை அதில் எழுதாதீர்கள்.

புதியவர்களுக்கு என் யோசனை இதுதான். இலவச எழுத்து சர்வரில் ஒரு மாதம் பழகுங்கள். எந்தக் குழுக்கள் உயிரோடு இருக்கின்றன, எவை விளம்பரக் குப்பையாகிவிட்டன என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகும் கூடுதலாக ஏதாவது தேவைப்பட்டால் மட்டும் பர்ஸைத் திறக்கலாம்.