நீர் எடுக்கும் பல வடிவங்கள்

தனக்கென்று உருவம் இல்லை; எந்தக் கலத்தில் இருந்தாலும் அதன் உருவே தன் உரு. அது என்ன? தண்ணீர் என்று சிறு குழந்தையும் விடை கூறிவிடும். ஆனால் அத்தண்ணீர் நம் சேலம், நாமக்கல் மண்ணில் எத்தனை வேடம் பூண்டு வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கூடியது நீர். வெயில் காயும்போது மேட்டூர் நீர்ப்பரப்பிலிருந்து அது ஆவியாக மேலெழுகிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் பானையின் மேல் வெண்மையாகத் தெரிவது ஆவியன்று. குளிர்ந்து மீண்டும் நீரான நுண்துளிகளே.

ஈரக்காற்று சேர்வராயன் மலைமீது ஏறும்போது, மேலே செல்லச் செல்லக் குளிர்கிறது. அதனால் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் ஆவி நுண்துளிகளாகிறது. சேலத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் நாம் அதை மேகம் என்கிறோம். ஏற்காட்டில் இருப்பவர்கள் மூடுபனி என்கிறார்கள். பொருள் ஒன்றே!

மார்கழிப் பனித்துளி வானத்திலிருந்து விழுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இரவில் புல் தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதைத் தொடும் காற்றிலுள்ள ஆவி அங்கேயே துளியாகிறது. கோடை மழையோடு சில வேளை விழும் ஆலங்கட்டியோ, மிக உயரத்தில் உறைந்த நீர். உறையும்போது நீரின் பருமன் நூற்றுக்கு 9 பங்கு கூடுகிறது. ஆகவே பனிக்கட்டி மிதக்கிறது. குளிர் நாடுகளில் ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிர் வாழ்வது இதனாலன்றோ?

கொல்லிமலையில் நீர் ஆகாய கங்கையாகக் குதிக்கிறது; 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலோ நீர் 120 அடி வரை அடங்கி நிற்கிறது. கண்ணுக்குப் புலப்படாமல் நிலத்தடியிலும் நீர் உண்டு. நம் பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் மட்டுமே நீர் தங்கும். கவலை பூட்டி இறைத்த காலத்தில் மழை நிரப்பிய அளவே எடுத்தனர். இன்று ஆழ்துளைக் கிணறுகள் மிக ஆழத்துக்குச் செல்கின்றன. எடுப்பது விரைவு, நிரம்புவது மெதுவு. சில இடங்களில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து பருகினால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். இன்னும் மிகுந்தால் எலும்பும் கெடும்.

மேட்டூர் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய பழைய தேவாலயக் கோபுரமும், சிவன் கோயில் நந்தியும் வெளியே தெரியும். வேடிக்கை பார்க்கப் பலர் செல்கின்றனர். அது வேடிக்கையன்று, இருப்பு குறைந்தது என்னும் எச்சரிக்கை.

தமிழகத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டுத் தொட்டியில் மண் அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன் பார்ப்போம். சொட்டும் குழாயை மூடுவோம். புனித அசிசி பிரான்சிஸ் தண்ணீரைச் சகோதரி என்று அழைத்தார். சகோதரியை வீணாக்குவார் உண்டோ? இறைவன் தந்த இக்கொடையை நமக்குப் பின் வருவோர்க்கும் காத்து வைப்போம்.