ஆலை எந்த ஊரில் அமையும்?

முன்னுரை

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. கிடைக்காத பொருளுக்கு ஈடாகக் கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு அடைவதை இது குறிக்கும். ஆனால் புவியியல் பயிலும் நமக்கு இப்பழமொழி வேறொரு வினாவையும் எழுப்புகிறது. ஓர் ஊரில் ஆலை இருக்கிறது. மற்றோர் ஊரில் இல்லை. ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே தொழிலகப் புவியியல். நாடுகளின் செல்வமும் வறுமையும் இதனோடு பிணைந்திருப்பதால், தோழியரே, சற்று ஆழ்ந்து காண்போம்.

மூவகைத் தொழில்கள்

இயற்கையிலிருந்து பொருளைப் பெறுவது முதல்நிலைத் தொழில். அப்பொருளை உருமாற்றுவது இரண்டாம் நிலைத் தொழில். ஏற்றிச் செல்லுதல், விற்றல், வங்கிப்பணி போன்றவை மூன்றாம் நிலைத் தொழில். பருத்தியை விளைவிப்பவர் உழவர். அதை நூலாக்கி, துணியாக்கி, சட்டையாக்குவது ஆலை. அச்சட்டையை நம் கைக்குச் சேர்ப்பவர் வணிகர். ஒவ்வொரு படியிலும் பொருளின் மதிப்பு கூடுகிறது. பஞ்சை மட்டும் விற்றுவிட்டுச் சட்டையை விலைக்கு வாங்கும் நாடு, கூடும் மதிப்பைப் பிறர் கையில் விட்டுவிடுகிறது. ஆகவேதான் எல்லா நாடுகளும் ஆலைகளை விரும்புகின்றன.

எடை சொல்லும் உண்மை

ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெபர் 1909ஆம் ஆண்டு தொழிலக அமைவிடக் கோட்பாட்டை வெளியிட்டார். போக்குவரத்துச் செலவு, கூலிச் செலவு, தொழிலகங்கள் ஓரிடத்தில் திரள்வதால் வரும் பயன் ஆகிய மூன்றையும் சீர்தூக்கி, மொத்தச் செலவு எங்கே மிகக் குறைவோ அங்கே ஆலை அமையும் என்றார்.

நூறு கிலோ கரும்பிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ சர்க்கரையே கிடைக்கும். மீதியைச் சுமந்து செல்வது வீண் செலவு. வெட்டிய கரும்பு நாள்பட நாள்படச் சர்க்கரைச் சத்தையும் இழக்கும். எனவே சர்க்கரை ஆலை கரும்பு வயலை நாடுகிறது. மாறாக, குளிர்பானத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் எங்கும் கிடைப்பதால், அத்தொழிற்சாலை வாங்குவோர் வாழும் நகரை நாடுகிறது.

இரும்புத் தொழிலுக்குச் சிறந்த சான்று ஜாம்ஷெட்பூர். ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் இரும்புத் தாதும் முக்கால் டன் நிலக்கரியும் வேண்டும். சாக்சி என்னும் சிற்றூருக்கு மயூர்பஞ்சிலிருந்து தாதும், ஜரியாவிலிருந்து நிலக்கரியும் எளிதில் வந்தன. சுவர்ணரேகா, கர்காய் ஆறுகள் நீரளித்தன. அருகில் இரயில் பாதையும் இருந்தது. 1907ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டாட்டா நிறுவனம் 1912இல் அங்கே எஃகு வார்த்தது. சிற்றூர் பெருநகரமாயிற்று, 1919இல் ஜாம்ஷெட்பூர் என்ற பெயரும் பெற்றது.

கடல் தந்த மாற்றம்

அப்படியானால் தாதும் நிலக்கரியும் அரிதாக உள்ள ஜப்பான் எஃகுத் தொழிலில் உயர்ந்தது எப்படி? பெரிய கப்பல்களே காரணம். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் மூலப்பொருள்களை மலிவாக ஏற்றி வந்து, துறைமுகத்தின் அருகிலேயே ஆலைகளை அமைத்தது அந்நாடு. நம் நாட்டின் விசாகப்பட்டின எஃகாலையும் கடற்கரையில் எழுந்ததே.

1956ஆம் ஆண்டு மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 சரக்குப் பெட்டகங்களைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டகத்தைத் திறக்காமலேயே கப்பலிலிருந்து லாரிக்கு மாற்றும் இம்முறை பரவியதால் போக்குவரத்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. செலவு குறைந்ததும், வெபர் கூறிய இரண்டாவது காரணமான கூலி முன்னே வந்து நின்றது.

கூலியைத் தேடிய ஆலை

வங்காளதேசம் தன் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியில் மிகப் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. ஆயினும் ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக விளங்குகிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜவுளி இறக்குமதிக்கு அளவு வரம்பு விதிக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று 1974இல் நடைமுறைக்கு வந்தது. தென்கொரியா அவ்வரம்பால் தடைபட்டது. வங்காளதேசத்துக்கு அப்போது தடை இல்லை. எனவே கொரியாவின் தேவூ நிறுவனம் வங்காளதேசத்தின் தேஷ் நிறுவனத்தோடு கைகோத்தது. 1979இல் 130 பேர் கொரியா சென்று தையல் தொழில் கற்றுத் திரும்பினர். அவர்களுள் பலர் பின்னர் வேறு ஆலைகளுக்கும் அத்தொழிலைக் கொண்டு சென்றனர். இலட்சக்கணக்கான பெண்கள் முதன்முறையாகத் தம் கையால் ஊதியம் பெற்றனர்.

ஆனால் மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு, அங்கிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளரோ மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நம் அக்காமார் வயதினர். அதன் பிறகே, ஆலைகளின் பாதுகாப்பைச் சோதிக்கச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்றில் ஆடை வாங்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் பல கையெழுத்திட்டன.

வளர்ச்சி என்பது எது?

உற்பத்தியின் மதிப்பைக் கூட்டி மக்கள்தொகையால் வகுத்தால் தலா வருமானம் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கில் இடிந்த சுவர் தெரியாது. ஆகவே 1990இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டது. இதனை உருவாக்குவதில் பாகிஸ்தானின் மஹ்பூப் உல் ஹக்கும் நம் நாட்டின் அமர்த்தியா சென்னும் பெரும்பங்கு வகித்தனர். நீண்ட ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வளர்ச்சி என்று அது உலகுக்கு உணர்த்தியது.

முடிவுரை

தேர்வுத்தாளில் ‘தொழிலக அமைவிடக் காரணிகள் யாவை?’ என்று கேட்டால், ‘மூலப்பொருள், மின்சக்தி, போக்குவரத்து, சந்தை, மலிவான தொழிலாளர்’ என்று வரிசையாக எழுதிவிடுகிறோம். முதல் நான்கும் பொருள்கள், வசதிகள்; ஐந்தாவது மட்டும் மனிதர். தாதுக்குப் பசிக்காது, நிலக்கரிக்குக் குழந்தைகள் இல்லை. நாளை நம்முள் சிலர் ஆலைகளில் பணிபுரியலாம். சிலர் ஆலைகளை நடத்தலாம். நாம் எல்லாருமே ஆடை வாங்குவோம். அப்போது ‘இது எவ்வளவு மலிவு?’ என்பதோடு, ‘இது எப்படி இவ்வளவு மலிவாயிற்று?’ என்றும் கேட்போமாக! அதுவே நாம் கற்ற புவியியலின் பயனாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி