தடம் காட்டும் எதிர்ப்பொருள்

கண்களை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் வழி தவறுவதில்லை. கையும் காலும் எங்கே இருக்கின்றன என்று உணர்ச்சி நரம்புகள் ஓயாமல் மூளைக்குத் தெரிவிப்பதே காரணம். இந்நரம்புகளின் செல்கள் முதுகெலும்பை ஒட்டிய சிறு முடிச்சுகளில் உள்ளன.

அச்செல்கள் அழிந்தால் என்ன ஆகும்? கையில் வலு இருக்கும். ஆனால் பார்க்காமல் பொத்தான் போட இயலாது. பகலில் நடப்பவர் இருட்டில் தள்ளாடுவார். முகம் கழுவக் கண்ணை மூடினாலும் சாய்வார்.

1948-ஆம் ஆண்டில் டென்னி பிரௌன் என்னும் நரம்பியல் மருத்துவர் இத்தகைய நோயாளிகள் இருவரைப் பற்றி எழுதினார். இருவருக்கும் நுரையீரலில் புற்றுநோய் இருந்தது. நுரையீரலுக்கும் விரல் நுனிக்கும் என்ன தொடர்பு?

1985-இல் கிராஸ், போஸ்னர் முதலிய அறிஞர்கள் இத்தகையோரின் இரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருளைக் கண்டறிந்தனர். நோயாளி ஒருவருடைய பெயரின் முதலிரண்டு எழுத்துகளைக் கொண்டு அது 'ஹூ' எதிர்ப்பொருள் எனப்படுகிறது. நரம்புச் செல்களில் உள்ள ஒருவகைப் புரதம் சிலவகை நுரையீரல் புற்றுச் செல்களிலும் உண்டு. புற்றை எதிர்க்கப் புறப்படும் உடலின் காவற்படை, அதே அடையாளமுள்ள நரம்புச் செல்களையும் பகையென எண்ணித் தாக்குகிறது. அழிவை முக்கியமாகச் செய்பவை வெள்ளணுக்களே. எதிர்ப்பொருளோ நடந்ததைக் காட்டும் தடம்.

அத்தடத்தைக் காண்பது எப்படி? எலி மூளையின் மெல்லிய சீவலின்மேல் நோயாளியின் இரத்தத் தெளிநீரை இடுவர். பின்பு ஒளிரும் சாயத்தைச் சேர்ப்பர். எதிர்ப்பொருள் இருந்தால், தனி நுண்ணோக்கியில் நரம்புச் செல்களின் உட்கருக்கள் பச்சையாக ஒளிரும்.

புற்று வெளிப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே மரத்துப்போதல் தொடங்கலாம். இவ்வெதிர்ப்பொருள் உள்ள 200 நோயாளிகளைப் பற்றி 2001-இல் வெளிவந்த ஆய்வில், 167 பேருக்குப் புற்று கண்டறியப்பட்டது. ஆகவே இது தென்பட்டால் மருத்துவர் உடனே புற்றைத் தேடுவார். அழிந்த நரம்புச் செல் மீண்டும் முளைப்பதில்லை; எஞ்சியதைக் காக்க விரைவு வேண்டும்.

கை கால் மரத்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. நீரிழிவும் பி12 வைட்டமின் குறைவுமே அதற்கு மிகப் பரவலான காரணங்களுள் அடங்கும். சோதனையில் எதிர்ப்பொருள் தென்படாததால் மட்டும் நோயில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டிலே தாத்தாவோ பாட்டியோ, "இருட்டில் கால் நிற்கவில்லை" என்றால், முதுமை என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.