நால்வர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம்

கொல்கத்தாத் தமிழர்களில் லேக் மார்க்கெட்டைத் தெரியாதவர் இருக்க மாட்டார். வாழை இலை வேண்டுமா? முருங்கைக்காய் வேண்டுமா? காபிப் பொடி வேண்டுமா? அங்கேதான் போவார்கள்.

காய் வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? தராசைப் பார்க்கிறோம். கடைக்காரர் விரல் தட்டில் படக் கூடாது. பட்டால் எடை பொய்யாகிவிடும்.

நீதிமன்றமும் ஒரு தராசுதான். ஒரு தட்டில் அரசாங்கம் நிற்கும். மறு தட்டில் சாதாரண மனிதர் நிற்பார். அந்தத் தராசை யாரும் விரலால் அழுத்தக் கூடாது. மந்திரியும் கூடாது, பணக்காரரும் கூடாது. இதைத்தான் நீதித்துறையின் சுதந்திரம் என்கிறோம்.

நம் நாட்டில் ஒரு காலத்தில் அந்தத் தராசை அழுத்தினார்கள். அதைப் பற்றிப் படிப்போம்.

மூன்று பேரைத் தாண்டி

உச்ச நீதிமன்றம் டில்லியில் இருக்கிறது. நாட்டிலேயே பெரிய நீதிமன்றம் அது. மூத்த நீதிபதியே தலைமை நீதிபதி ஆவது அங்கே வழக்கம்.

1973 ஏப்ரலில் இந்த வழக்கம் மீறப்பட்டது. ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரும் மூத்தவர்கள். பெரிய வழக்கு ஒன்றில் அவர்கள் அரசாங்கத்துக்குப் பிடிக்காத தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அரசாங்கம் அவர்களைத் தாண்டி, நான்காவதாக இருந்த ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியது. அவர் முன்பு கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். மூத்தவர்கள் மூவரும் பதவி விலகினார்கள்.

மற்ற நீதிபதிகளுக்கு இது ஓர் எச்சரிக்கை போல இருந்தது.

நெருக்கடி நிலை

1975 ஜூன் 12. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. பிரதமர் இந்திரா காந்தி தேர்தலில் வென்றது செல்லாது என்றார் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா. நாட்டின் பிரதமர் என்றும் அவர் பார்க்கவில்லை.

பதின்மூன்றே நாளில், ஜூன் 25 இரவு, நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மிசா என்ற சட்டத்தில் ஆட்களை விசாரணை இல்லாமலே அடைத்தார்கள். 1976இல் தமிழ்நாட்டிலும் பலர் மிசாக் கைதிகள் ஆனார்கள்.

சிறையில் இருந்தவர்களுக்காக நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். “ஆளைக் கொண்டு வந்து நிறுத்துங்கள், எந்தச் சட்டப்படி அடைத்தீர்கள் என்று சொல்லுங்கள்” என்று கேட்பதுதான் அந்த மனு. பல உயர்நீதிமன்றங்கள் அதை விசாரிக்கலாம் என்றன. அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1976இல் உயர்நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் வெளி மாநிலங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

கன்னா கேட்ட கேள்வி

உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். ரே, கன்னா, பெய்க், சந்திரசூட், பகவதி ஆகியோர் அவர்கள்.

எச்.ஆர்.கன்னா அரசாங்க வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகை காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால், நீதிமன்றம் வர வழி உண்டா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும் வரை வழி இல்லை என்பதே பதிலாக வந்தது.

1976 ஏப்ரல் 28இல் தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலையில் இந்த மனுவைப் போட முடியாது என்றார்கள் நால்வர். கன்னா மட்டும் மறுத்தார். சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை. நெருக்கடி நிலையிலும் இல்லை என்று எழுதினார்.

இப்படி எழுதினால் தலைமை நீதிபதி பதவி போகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில் அவரைவிட இளையவரான பெய்க்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா பதவி விலகினார்.

யார் சொன்னது நின்றது?

1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு அந்த அரசாங்கத்தை மாற்றினார்கள். நெருக்கடி நிலையும் முடிந்தது. 1978இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் இனி நிறுத்தி வைக்க முடியாது.

2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். நால்வரின் பழைய தீர்ப்பு தவறு, கன்னா சொன்னதே சரி என்றார்கள். இதை எழுதிய நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவரின் மகன். கன்னா 2008இலேயே காலமாகிவிட்டார். அவர் உட்கார்ந்த நீதிமன்ற அறையில் அவர் படம் மாட்டப்பட்டிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

பெரிய தலைவர்களின் கதைதானே என்று விட்டுவிடக் கூடாது. கூடையில் பூ விற்பவரையும் காரணம் சொல்லாமல் பிடித்துப் போகலாம். அப்போது அவருக்குத் துணை, யாருக்கும் பயப்படாத நீதிபதிதான்.

1986இல் மேற்கு வங்கத்திலிருந்து டி.கே.பாசு என்பவர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். போலீஸ் காவலில் ஆட்கள் இறப்பதைப் பற்றிய கடிதம் அது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பரில் கைது பற்றிய விதிகளைச் சொன்னது. முக்கியமானவை இன்று சட்டத்திலும் உள்ளன. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. கைது செய்யும் போலீஸ்காரரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும்.
2. கைது செய்த தேதியும் நேரமும் எழுத வேண்டும். வீட்டார் ஒருவரோ அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்த பிறகே போடுங்கள்.
3. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும்.
4. பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.
5. கைதானவர் வக்கீலைப் பார்க்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்குத் தொலைபேசி எண் 15100.

புதிய சொற்கள்

தணிக்கை – அச்சிடும் முன் அரசாங்கம் பார்த்துத் தடுப்பது
ஆட்கொணர்வு மனு – அடைத்து வைத்த ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனு
மாஜிஸ்திரேட் – குற்ற வழக்குகளை முதலில் பார்க்கும் நீதிபதி

விடை எழுதுங்கள்

1. மூத்த நீதிபதிகள் மூவர் 1973இல் ஏன் பதவி விலகினார்கள்?
2. கன்னா என்ன எழுதினார்? அதனால் எதை இழந்தார்?
3. கைதானவரை எத்தனை மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

நீதிபதி அரசாங்கத்துக்குப் பயந்தால் யாருக்கு நஷ்டம்?