உயரம் குறைவது பரம்பரையா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வயதுக்கேற்ற உயரமில்லை. பரம்பரைதானே? (வாசகி, இரத்தோட்டை)

பதில்: அப்படி ஒதுக்கிவிட முடியாது. நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்தால் ஐந்து வயது வரை எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே மாதிரி வளரும் என்பதை இந்தியா, நோர்வே உட்பட ஆறு நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு காட்டியது.

2016இல் இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் 17 சதவீதத்தினர் வயதுக்குரிய உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டங்களில் அது 32 சதவீதம்!

தாயின் இரத்தச்சோகை, பிறப்பு எடைக் குறைவு, லயன் வரிசை வீடுகளின் அசுத்த நீரால் வரும் வயிற்றோட்டம் எல்லாம் சேர்ந்தே உயரத்தைத் தின்கின்றன. கர்ப்பம் தொடங்கி இரண்டு வயது வரை முக்கியமான காலம். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா சத்துமாவை வீடே பங்கிட்டுக்கொள்வது வறுமையின் குற்றம், தாயின் குற்றமல்ல. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் சோற்றோடு பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை கொடுங்கள். எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.