பாலூட்டும் தாயின் உரிமையும் வீட்டாரின் கடமையும்

 

பிள்ளைக்குப் பால் கொடுப்பது தாயின் வேலை, அதில் ஆண்களுக்கு என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குர்ஆன் அப்படி விட்டுவிடவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனத்தைப் பாருங்கள். பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று சொன்ன அல்லாஹ், உடனே தந்தையின் பக்கம் திரும்புகிறான். அந்தத் தாயின் உணவும் உடையும் அவர் பொறுப்பு என்கிறான். பிள்ளையைக் காரணமாக்கித் தாயைத் துன்பப்படுத்தக் கூடாது என்றும் எச்சரிக்கிறான்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், சுபுஹு தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "ஹஸ்ரத், வீட்டில் பிள்ளை பெற்று மூன்று வாரம் ஆகிறது. நாலு நாளாகக் காய்ச்சல், குளிர். கண்ணூறு என்கிறார்கள். ஓதித் தாருங்கள்" என்றார். ஓதிக் கொடுத்தேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து சொன்னார். மார்பில் பால் கட்டி, சிவந்து, சீழ் பிடித்திருக்கிறது. மருத்துவமனையில் கீறித்தான் எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பெண் நலமானார். ஆனால் வெட்கத்தால் அவர் சொல்லவில்லை, வீட்டார் விசாரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓதிப் பார்ப்பதும் சுன்னத், மருத்துவம் செய்வதும் சுன்னத். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்தது என் தவறு.

வீட்டார் அறிய வேண்டியவை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், நோயிலிருந்து காக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம்.

"உனக்குப் பால் பத்தவில்லை" என்று பச்சை உடம்புக்காரியிடம் சொல்லாதீர்கள். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். கவலையும் வலியும் பால் இறங்குவதைத் தடுக்கும். முதல் வாரத்துக்குப் பிறகு பிள்ளை நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் கூடினால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

காம்பு புண்ணாவதற்குப் பெரும்பாலும் காரணம், பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவதுதான். வாயை அகலத் திறந்து, சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். நர்ஸிடம் கேட்டால் சொல்லித் தருவார்.

மார்பு சிவந்து, சூடாகி, வலியோடு காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். பயந்து பாலை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இன்னும் கட்டிக்கொள்ளும். பால் கொடுப்பதைச் சொல்லி, அதற்கேற்ற மருந்து கேளுங்கள். குணமான பிறகும் கட்டி கரையாமல் இருந்தால் மறுபடியும் காட்டுங்கள்.

சில மஸாயில்கள்

பெண் மருத்துவரிடம் காட்டுவதே முறை. கிடைக்காவிட்டால், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. ஹயாவின் பெயரால் நோயை மறைக்க வேண்டியதில்லை. உடையில் பட்ட தாய்ப்பால் நஜீஸ் அல்ல, பால் கசிவதால் உளூவும் முறியாது. நோன்பால் தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் தாய் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்யலாம். ஃபித்யா பற்றி உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலீஃபா மாற்றிக்கொண்டார்

உமர் (ரலி) அவர்கள் பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை என்று வைத்திருந்தார்கள். ஓர் இரவு, ஒரு பிள்ளை ஓயாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். அந்தத் தொகைக்காகத் தாய் அவசரமாகப் பாலை மறக்கடிக்கிறாள் என்று தெரிந்தது. தம் உத்தரவே காரணம் என்று உணர்ந்து வருந்தினார்கள். இனி பிறந்த உடனேயே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

கலீஃபா தம் உத்தரவை மாற்றினார்கள். நாம் நம் வீட்டில் எதை மாற்றப் போகிறோம்? இன்றிரவு பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் சற்றுத் தூங்கட்டும். "எங்கேயாவது வலிக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாலூட்டும் நம் தாய்மார்களுக்கு அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தையும், நமக்கு அவர்களின் ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கையும் தருவானாக! ஆமீன்.