தொலைவிலிருந்து வீட்டைக் காணுதல்

தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் முதியோர் மட்டும் வாழும் இல்லங்கள் இக்காலத்துப் பல. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பர்; திண்ணையும் முற்றமும் நெற்குதிருமுள்ள வீட்டில் தாயோ தந்தையோ தனித்திருப்பர். ஆதலின் வாசலில் கேமரா ஒன்றை மாட்டி, அதன் காட்சியை அயலூரிலிருந்தே மொபைலிற் காணும் வழக்கம் பெருகி வருகின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணாக்கர் தலையிலேயே இவ்வேலை பெரும்பாலும் விழுகின்றது. அவர்க்குப் பயன்படுமென்று கருதி, திருவையாற்றை அடுத்த எம் இல்லத்தில் இதனை அமைத்தபோது யாம் கற்றவற்றையும், செய்த பெரும்பிழை ஒன்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவ்வெண்ணம் புதிதன்று. நியூயார்க் நகரத்துச் செவிலியராகிய மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் அம்மையார், வீட்டில் தனித்திருக்க அஞ்சி, வாயிலில் நிற்பவரை உள்ளிருந்தே திரையிற் காணும் முறையொன்றை வகுத்து, தம் கணவருடன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-இல் அது கிடைத்தது. இன்டர்நெட் வழியே உலகம் கண்ட முதற் கேமராவோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு காப்பிப் பாத்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. காப்பி தீர்ந்ததோ என்றறிய எழுந்து நடக்க வேண்டியிருந்த தொல்லையே அதற்குக் காரணம். கும்பகோணத்தார் இதனை நன்குணர்வர். 1993-இல் இன்டர்நெட்டில் இணைந்த அது 2001-இல் ஓய்வு பெற்றது.

நிற்க. கல்லணையை அடைந்த நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிவதை நம்மவர் கண்டிருப்பர். வீட்டிலுள்ள ரூட்டர் என்னும் பெட்டியும் அத்தகையதே. வெளியிலிருந்து வரும் ஓர் இணைப்பை மொபைலுக்கும் கணினிக்கும் கேமராவின் பதிவுப்பெட்டிக்கும் அது பகிர்ந்தளிக்கின்றது. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்றைக் கொடுக்கின்றது. இவ்வெண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். பழைய முறையில் அமைந்த இன்டர்நெட் எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. உலகத்துக் கருவிகட்கெல்லாம் தனித்தனி எண் வழங்க அவை போதா. ஆதலின் ஒரு வீட்டார் அனைவரும் ஒரே வெளியெண்ணைப் பகிர்ந்துகொள்கின்றனர். உள்ளிருந்து ஒருவர் கேட்டதற்கு விடை வந்தால் ரூட்டர் அதனை உள்ளே விடும். கேளாமல் வருவதை விடாது. கூடத்தில் அமர்ந்து கண்ட காட்சி, பஸ்ஸேறித் தஞ்சாவூர் சென்றதும் மறைந்துவிடுவது இதனாலேயே.

இதற்கு யாம் முதலிற் செய்த பரிகாரம், ரூட்டரில் மதகொன்றைத் திறந்தது. போர்ட் ஃபார்வர்டிங் என்று இதனைக் கூறுவர். இன்ன வாயிலில் வருவதைப் பதிவுப்பெட்டிக்கு அனுப்புக என்று ரூட்டருக்குக் கட்டளையிட்டோம், காட்சி உடனே தெரிந்தது, மகிழ்ந்தோம். ஆனால் மதகு திறந்தபின் பாய்வது நம் நீர்தானா பிறர் நீரா என்று வயல் அறியாது. பதிவுப்பெட்டியின் பாஸ்வேர்டோ, கடையில் வாங்கியபோது இருந்த 12345 என்பதே. மூன்று வாரங்கழித்து அப்பெட்டியின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தோம். யாம் அறியாத எண்களிலிருந்து நள்ளிரவில் பலமுறை நுழைவு நிகழ்ந்திருந்தது. கேமராக்களில் ஒன்று கூடத்தை நோக்கியிருந்தது. அங்கேதான் எம் அன்னையார் உண்பதும் உறங்குவதும்.

இதனை அவரிடம் மறையாது கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்து, "வாசலைப் பார், கொல்லையைப் பார், நான் சாப்பிடுவதையும் படுப்பதையும் யாரும் பார்க்க வேண்டாமப்பா, நீயும்தான்" என்றார். அக்கேமரா அன்றே இடம் மாறிக் கிணற்றடியை நோக்கலாயிற்று. யாம் அவரை முன்னரே கேட்டிருத்தல் வேண்டும்.

எமக்கு நேர்ந்தது அரிதன்று. 2016-இல் மிராய் என்னும் தீநிரல், இன்டர்நெட்டில் திறந்துகிடந்த கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் தேடிச்சென்று, யாவரும் மாற்றாது விடும் சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு இணைகளைக் கொண்டே பல்லாயிரக்கணக்கானவற்றை வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிப்படையின் தாக்குதலால் அமெரிக்காவில் ட்விட்டர் முதலிய தளங்கள் பல மணிநேரம் முடங்கின. கேமராவின் உரிமையாளர்க்கோ யாதொன்றும் தெரியாது. அவர் திரையில் வாசற்கோலம் வழக்கம்போல் தெரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே முதலிற் பாஸ்வேர்டை மாற்றுக. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க. யு.பி.என்.பி. என்னும் வசதி ரூட்டரில் இருப்பின் அணைத்துவிடுக. அது நம்மைக் கேளாமலே மதகு திறக்கும். அதன்பின் வழிகள் இரண்டு. ரூட்டரிலேயே வி.பி.என். அமைத்து, மொபைல் அதன்வழி வீட்டுக்குள் வந்தபின் காட்சியைக் காண்பது ஒன்று. எமக்கு உவப்பானது இதுவே. ஆயின் ரூட்டரின் வெளியெண் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணாகவோ தொடங்கின், இணைப்பு நிறுவனம் ஓரெண்ணைப் பல வீடுகட்குப் பகிர்ந்துள்ளதென அறிக. சிம் கார்டு வழி இணைப்புகளில் இது மிகுதி. அங்கு இம்முறை எளிதிற் கைகூடாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியே காண்பது மற்றொன்று. இதிற் பதிவுப்பெட்டி தானே வெளியே சென்று நிறுவனத்தின் கணினியைத் தொடுவதால் மதகு திறக்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் வீட்டுக்காட்சியை அந்நிறுவனத்தை நம்பி விடுகின்றோம். இரட்டைச் சரிபார்ப்பு உள்ள செயலியையே கொள்க.

தெளிவான காட்சிக்கு நொடிக்கு 4 மெகாபிட் வேண்டும், மணிக்கு 1.8 ஜி.பி. செலவாகும். சிறுகாட்சியை அரை மெகாபிட்டில் வைத்தால் மணிக்கு 225 எம்.பி.யே ஆகும், வாசலில் நிற்பவர் யாரென அறிய அது போதும். பெட்டியின் கடிகாரத்தைச் சரிபார்த்து வைத்தல் நன்று. மணி தவறிய பதிவைப் போலீசாரிடம் காட்டி விளக்குவது கடினம். ஐப்பசி மழையிற் கேமராவின் இரவு விளக்கை நாடிப் பூச்சிகள் மொய்க்க, அவற்றை நாடிச் சிலந்தி வலை பின்னும். வலை அசையுந்தோறும் எச்சரிக்கை மணி நள்ளிரவில் நம்மை எழுப்பும். வாரமொருமுறை ஒட்டடைக்கோலே மருந்து.

மின்சாரம் நின்றாலும் ரூட்டரும் பதிவுப்பெட்டியும் இயங்க இன்வெர்ட்டரில் இணைத்தோம். ஆயினும் 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரைகடந்தபோது, அப்பகுதிகளில் மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. அத்தகைய நாளில் எக்கேமராவும் உதவாது. எதிர்வீட்டார், பால்காரர் ஆகியோரின் தொலைபேசி எண்களை எழுதி வைத்திருக்கின்றோம். அன்னையாரும் எம் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கின்றார்.